சிப்பி கட்டும் வீடும் நம் வீட்டுச் சுண்ணாம்பும்



முத்தை விரும்பாத பெண் நம்மில் அபூர்வம். ஆனால் அந்த முத்தைத் தன் மடியில் வைத்து வளர்த்த சிப்பியின் ஓட்டை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. முத்து கிடைத்ததும் ஓடு குப்பைக்குப் போய்விடுகிறது. எறியப்பட்ட அந்த ஓட்டைப் பற்றி இம்மாதம் உங்களோடு சற்றுப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கடலே இல்லாத மாத்தளை மாவட்டத்திலிருந்து ஒரு மௌலவி சிப்பியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. எங்கள் உம்மா ஐம்பது வருடமாக வெற்றிலை போட்டவர். புத்தளம் பக்கத்து உறவினர்கள் வரும்போதெல்லாம் அவருக்கு ஒரு சிறு போத்தலில் சிப்பிச் சுண்ணாம்பு கொண்டு வருவார்கள். மாத்தளைச் சந்தையில் கிடைக்கும் சுண்ணாம்பை உம்மா கையால் தொடமாட்டார். “கல்லுச் சுண்ணாம்பு நாக்கக் கீறுது மகன். சிப்பிச் சுண்ணாம்பு எண்டா வெண்ணெ மாதிரி” என்பார். இரண்டும் வெள்ளைதானே, அப்படி என்ன வித்தியாசம் என்பது என் மனதில் நெடுநாள் கிடந்த கேள்வி.

பின்னர் ஒருநாள், ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு சூரத்துர் ரஹ்மானை விளக்கிக் கொண்டிருந்தேன். இரு கடல்களிலிருந்து ‘லுஃலுஃ’வும் ‘மர்ஜானும்’ வெளியாவதைச் சொல்லும் இடம் வந்தது. லுஃலுஃ என்றால் முத்து. மர்ஜான் என்பது பவளம் என்று சில முபஸ்ஸிர்களும், சிறிய முத்து என்று வேறு சிலரும் கூறியுள்ளனர். இதைச் சொல்லி முடிக்கும்போது ஒரு பிள்ளை எழுந்து, “மௌலவி, சிப்பிட ஓடு எலும்பா, கல்லா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அரபுக் கல்லூரியில் நாங்கள் ‘ஸதஃப்’ என்ற சொல்லுக்குச் சிப்பி என்று பொருள் படித்தோமே தவிர, அது எதனால் ஆனது என்று படிக்கவில்லை. ஆகவே பக்கத்து வகுப்பு விஞ்ஞான ஆசிரியையை அழைத்தேன். அவர் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிலிருந்து ஒரு முட்டை ஓட்டையும் கொஞ்சம் வினாகிரியையும் எடுத்து வந்தார். ஓட்டை வினாகிரியில் போட்டதும் அதைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகக் குமிழிகள் கிளம்பின. “சிப்பி ஓட்டைப் போட்டாலும் இதேதான் நடக்கும். இரண்டும் ஒரே கனிப்பொருள்” என்றார். நீங்களும் இன்றே உங்கள் குசினியில் செய்து பார்க்கலாம். தேசிக்காய்ச் சாறும் போதும்.

அந்தக் கனிப்பொருளின் பெயர் கல்சியங் காபனேற்று. எலும்பு என்பது பெரும்பாலும் கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்தது. சிப்பி ஓடோ கல்சியமும் காபனேற்றும் சேர்ந்தது. எனவே அது எலும்பல்ல. சுண்ணாம்புக் கல்லின் பொருள்தான் அதிலும் இருக்கிறது. ஆனால் மலையில் கிடக்கும் கல்லைப் போலன்றி, ஓர் உயிர் தன் உடலால் கட்டியெழுப்பிய கல் அது. நூறு கிராம் சிப்பி ஓட்டை எடுத்தால் ஏறக்குறைய 95 கிராமோ அதற்கு மேலோ இந்தக் காபனேற்றுத்தான். மீதியில் புரதமும், கொஞ்சம் நீரும், மிகச் சிறிதளவு மக்னீசியம், சோடியம், ஸ்ட்ரோன்சியம் போன்றவையும் இருக்கும். காபனேற்றின் நிறையில் 40 சதவீதம் கல்சியம்.

இனி அது உருவாகும் விதத்தைப் பாருங்கள். மன்னார்க் கடலின் முத்துச் சிப்பி முட்டையிலிருந்து வரும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி. இரண்டு மூன்று வாரங்கள் கடல் நீரில் மிதந்து திரிகிறது. அந்தச் சின்ன வயதிலேயே அதன் முதல் ஓடு உருவாகிவிடுகிறது. பிறகு பாறையையோ வேறு சிப்பியையோ பற்றிக்கொண்டு அங்கேயே வாழத் தொடங்குகிறது.

சிப்பியைத் திறந்தால், ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சவ்வு ஒன்றைக் காணலாம். அதுதான் வீடு கட்டும் கொத்தனார். ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியம் கரைந்திருக்கிறது. சிப்பி அதை உள்வாங்குகிறது. நீரில் கரைந்துள்ள காபனேற்றையும், தன் மூச்சில் உண்டாகும் காபனீரொட்சைட்டின் ஒரு பகுதியையும் சேர்த்துக்கொள்கிறது. சவ்வுக்கும் ஓட்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய திரவப் படலம் உண்டு. முதலில் புரதத்தாலான ஒரு வலையை அந்தச் சவ்வு விரிக்கிறது. பின்னர் அந்த வலைக்குள் காபனேற்று படிந்து, படிகமாகி இறுகுகிறது. ஓட்டின் ஓரத்தில் புதிய வரி சேரச் சேர வீடு அகலமாகிறது, உட்புறத்தில் படலம் சேரச் சேரச் சுவர் தடிக்கிறது. ஓட்டின் மேல் தெரியும் வரிகள் அதன் வாழ்க்கைக் குறிப்பு.

முத்துச் சிப்பியின் சுவரில் மூன்று அடுக்குகள் உள்ளன. வெளியே, கனிப்பொருள் இல்லாத மெல்லிய தோல். நடுவில், தூண்களை நெருக்கமாக நிறுத்தியது போன்ற அடுக்கு. அதிலுள்ள படிகத்துக்குக் கல்சைற்று என்று பெயர். உள்ளே, பளபளக்கும் அடுக்கு. அதன் படிகம் அரகோனைற்று. கல்சைற்றும் அரகோனைற்றும் ஒரே காபனேற்றுத்தான், அணுக்கள் அடுக்கப்பட்ட முறைதான் வேறு. ஒரே அரிசி மாவைக் கொண்டு நீங்கள் இடியப்பமும் பிழிகிறீர்கள், பிட்டும் அவிக்கிறீர்கள் அல்லவா? அது போலத்தான்.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது? அரகோனைற்று அங்கே மிக மெல்லிய தகடுகளாக, செங்கல் அடுக்கியது போல் அடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மில்லிமீற்றரை இரண்டாயிரம் துண்டாக வெட்டினால் கிடைப்பதுதான் ஒரு தகட்டின் தடிப்பு. செங்கல்லுக்கு இடையே சாந்து போல் புரதம். தகட்டின் தடிப்பு ஒளியலையின் அளவுக்குக் கிட்ட இருப்பதால், மேலும் கீழுமுள்ள தகடுகளிலிருந்து திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து வானவில் காட்டுகிறது. அங்கே சாயம் எதுவும் இல்லை. இடித்துத் தூளாக்கினால் நிறமெல்லாம் போய் வெள்ளை மாவுதான் மிஞ்சும். வெறும் அரகோனைற்றுக் கல் தட்டினால் உடைந்துவிடும். அதே பொருள் இந்தச் சாந்தோடு அடுக்கப்படும்போது பன்மடங்கு உறுதி பெறுகிறது.

முத்தும் இதே பொருள்தான். சுவருக்குப் பூசுவதை, உள்ளே நுழைந்த அந்நியப் பொருளைச் சுற்றியும் பூசிவிடுகிறது சிப்பி. மழைத்துளியைச் சிப்பி விழுங்கி முத்தாக்குகிறது என்ற கதை அரபிலும் உண்டு, தமிழிலும் உண்டு. அழகான கதைதான், ஆனால் நடப்பது அதுவல்ல. மணல் துணிக்கை என்பதும் பெரும்பாலும் சரியல்ல. 1902 இல் இலங்கை முத்துப் படுக்கைகளை ஆராய வந்த ஹெர்ட்மனும் ஹோர்னெலும், மன்னார் முத்துக்களின் நடுவே ஒட்டுண்ணிப் புழுக்களின் எச்சங்களைக் கண்டதாக எழுதினர். தன்னை வருத்த வந்ததைச் சிப்பி துரத்துவதில்லை, மூடி அழகாக்கிவிடுகிறது.

சரன்தீபின் முத்து நம் முன்னோர் அறிஞர்களுக்கு மிகவும் பழக்கமானது. சரன்தீபில் முத்து அற்றுப்போய், கிழக்காபிரிக்காவின் சுபாலாவில் புதிதாகக் கிடைக்கத் தொடங்கியதால், முத்து இடம்பெயர்ந்துவிட்டதாக மக்கள் பேசிக்கொண்டதை 11 ஆம் நூற்றாண்டில் அல்பீரூனி பதிவு செய்தார். 1344 இல் இலங்கை வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துக்கள் தரம் பிரிக்கப்படுவதைக் கண்டார். 1905 இல் நடந்த குளிப்பில் மட்டும் சுமார் 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதன்பின் படுக்கைகள் வறண்டன. 1925 இல் நடந்த குளிப்போடு அந்தப் பழைய பெருமை ஓய்ந்துவிட்டது எனலாம். 1973 இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதே சிப்பியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள்.

அந்த ஓடுகள் என்னவாயின? கரையில் மேடுகளாகக் குவிந்தன. சிலாவத்துறைப் பக்கம் அந்த மேடுகளைப் பார்த்து வளர்ந்த நம் சகோதரிகள் பலர், 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அனைத்தையும் விட்டு வந்தவர்கள். அவர்களின் ஊருக்கு அருகே அரிப்பில், 1801 க்கும் 1804 க்கும் இடையில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் கட்டிய மாளிகை இன்று இடிபாடாகக் கடலோரத்தில் நிற்கிறது. அதன் சுவருக்குப் பூசியது சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்புச் சாந்துதான்.

இப்போது மாத்தளைக்கு வருவோம். எங்கள் மாவட்டத்திலும் சுண்ணாம்புக் கல் உண்டு, சூளைகள் உண்டு. “இதெல்லாம் முன்னொரு காலம் கடல், சிப்பி மக்கித்தான் இந்தக் கல் ஆனது” என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் பாதி சரி, மறுபாதி தவறு. இந்தக் கல் பழங்காலக் கடலடியில் படிந்த சேறுதான். ஆனால் அது பூமிக்குள் புதைந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பளிங்காக மாறியது ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். படிந்தது அதற்கும் வெகு முன்னர். சிப்பி என்ற உயிரினமே அப்போது படைக்கப்பட்டிருக்கவில்லை. சிப்பியும் சங்கும் கல்லாய்க் கிடப்பதைப் பார்க்க வேண்டுமானால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லைப் பார்க்க வேண்டும். அது மிகவும் இளையது.

மாத்தளைக் கல்லில் இன்னொரு வேறுபாடும் உண்டு. இங்கே பெருமளவில் கிடைப்பது தொலமைற்று. அதில் கல்சியத்தோடு மக்னீசியமும் ஏறக்குறைய சரிபாதியாகச் சேர்ந்திருக்கிறது. சூளையில் சுட்ட பின் கல்சியப் பங்கு தண்ணீர் பட்டதும் சீறிக்கொண்டு நீறிவிடும். மக்னீசியப் பங்கு மெதுவாகத்தான் நீறும். அதனால் பொடியில் நறநறப்பு மிஞ்சும். சிப்பிச் சுண்ணாம்பிலோ மக்னீசியம் மிகச் சொற்பம், ஆகவே அது மிருதுவாகக் குழையும். உம்மாவின் நாக்கு சொன்னதில் பிழையில்லை.

ஆனால் சகோதரிகளே, நாக்குக்கு மிருதுவானது வாய்க்கும் மிருதுவானதா? இதை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சிப்பி ஓட்டை நீங்கள் கையில் எடுக்கலாம், குழந்தையும் வைத்து விளையாடலாம். அதில் ஆபத்தில்லை. அதைச் சுமார் 900 பாகை செல்சியசில் சுடும்போது நிலைமை மாறுகிறது. 100 கிராம் காபனேற்றில் 44 கிராம் காபனீரொட்சைட்டு வாயுவாகப் பறந்துபோக, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதுதான் கரண்டகத்தில் இருக்கும் சுண்ணாம்பு. அது கடுமையான காரம். தண்ணீரின் பீஎச் அளவு 7 என்றால், இதனுடையது 12 க்கும் மேல். சிப்பியிலிருந்து வந்தாலும் கல்லிலிருந்து வந்தாலும் காரம் காரம்தான். மிருதுவாக இருப்பதால் அதன் வீரியம் குறைவதில்லை.

வெற்றிலையோடு பாக்கும் சேரும்போது, இந்தக் காரம் பாக்கிலுள்ள பொருட்களை மாற்றி வாயின் தோலுக்குள் எளிதாக இறங்கச் செய்கிறது. 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கும் வெற்றிலைக் கூட்டும் மனிதனுக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என்று வகைப்படுத்தியது. நம் நாட்டு ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்பதற்கு வெற்றிலைப் பழக்கம் முக்கிய காரணம். பெண்களும் தப்பியவர்கள் அல்லர்.

எங்கள் உம்மாவுக்குப் புற்றுநோய் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சில வருடங்களுக்கு முன் காரமான கறி வாயில் பட்டால் எரிகிறது என்றார். சோற்றைச் சிறு கவளமாகப் பிடிக்கத் தொடங்கினார். வயது போனதால் என்று வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். பல் வைத்தியர் உம்மாவிடம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் வைக்கச் சொன்னார். இரண்டுக்கு மேல் போகவில்லை. கன்னத்தின் உட்புறம் தடித்து இறுகியிருந்தது. பாக்கினால் வரும் இந்த இறுக்கம் முற்றாகத் திரும்பாது, சிலரிடம் புற்றாகவும் மாறும் என்று வைத்தியர் விளக்கினார். “நான் போடுறது சிப்பிச் சுண்ணாம்பு தானே டொக்டர்” என்று உம்மா கேட்டார். வைத்தியருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து அந்த மூன்று சுண்ணாம்பின் கதையையும் உம்மாவுக்குச் சொன்னேன். கடலிலுள்ள ஓடு, சூளையிலிருந்து வந்த சுட்ட சுண்ணாம்பு, கரண்டகத்தின் நீறிய சுண்ணாம்பு. நீண்ட நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அப்ப சிப்பியில குத்தமில்ல, சுட்ட நெருப்பிலதான் குத்தம்” என்றார். முதலில் பாக்கைக் குறைத்தார், பிறகு விட்டார். அது எளிதாக நடக்கவில்லை, ஆறு மாதம் பிடித்தது. மாத்தளையில் கராம்புக்கும் ஏலத்துக்கும் பஞ்சமா? இப்போது வாய் கேட்கும்போது ஓர் ஏலத்தைத்தான் மெல்லுகிறார். எரிவு குறைந்திருக்கிறது. இறுக்கம் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டு மூத்தம்மாவிடமும் மாமியிடமும் அந்த மூன்று விரல் சோதனையைச் செய்து பாருங்கள். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளை அல்லது சிவப்புத் தழும்போ இருந்தால் தாமதிக்காமல் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை, சிறு பிள்ளைகளைப் பற்றியது. சுண்ணாம்புப் பொட்டலத்தையோ போத்தலையோ பிள்ளை அழுத்தி விளையாடும்போது அது தெறித்துக் கண்ணில் விழுந்தால், பார்வையே போய்விடலாம். காரம் கண்ணுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும். அப்படி நடந்தால் தாய்ப்பால், எண்ணெய், தேன் என்று எதையும் விடாதீர்கள். உடனே சுத்தமான தண்ணீரை ஊற்றி ஊற்றி அரை மணி நேரமாவது கழுவுங்கள், இமையைத் திறந்து உள்ளே ஒட்டிய துகளையும் கழுவி வெளியேற்றுங்கள். பிறகு நேரே ஆஸ்பத்திரி. சுவருக்கு வெள்ளை அடிக்கும் நாட்களிலும் இதே கவனம் வேண்டும்.

மூன்றாவது, கல்சியம் குளிசை. ‘இயற்கையான சிப்பி ஓட்டிலிருந்து தயாரித்தது’ என்று எழுதிய குளிசைகளை வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் அனுப்புகிறார்கள். இயற்கை என்றால் எல்லாம் நல்லது என்று நினைக்கிறோம். சிப்பி தான் வாழும் நீரிலுள்ளதையெல்லாம் சேர்த்துத்தான் வீடு கட்டுகிறது. நீரில் ஈயம் இருந்தால் ஓட்டிலும் ஈயம் சேரும். 2000 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு, கடையில் விற்கும் கல்சியக் குளிசைகள் சிலவற்றில் ஈயம் இருந்ததைக் காட்டியது. வயிற்றிலுள்ள குழந்தையின் மூளைக்கு ஈயம் பகை. ஆகவே கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் குளிசையோடு நின்றுகொள்வது நல்லது, வேறெதுவும் வேண்டுமானால் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். கல்சியத்தையும் இரும்புச் சத்துக் குளிசையையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள், ஒன்று மற்றதை உடலில் சேரவிடாது. இரும்புச் சத்துக் குளிசையோடு தேநீரும் கூடாது. இதை மிட்வைஃப் மிஸ் சொன்னால் அலட்சியம் செய்ய வேண்டாம். முள்ளோடு உண்ணும் நெத்தலியிலும், பாலிலும், தம்புள்ளைப் பக்கத்துச் சேனைகளில் விளையும் குரக்கனிலும் கல்சியம் தாராளமாக இருக்கிறது. உண்ட கல்சியம் எலும்பில் சேர விற்றமின் டீ வேண்டும். அதற்கு வீட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் வெயில் படுவதும் அவசியம்.

கடைசியாக ஒன்று. அந்த வினாகிரிச் சோதனையை நினைத்துப் பாருங்கள். புளிப்பு, ஓட்டைக் கரைக்கிறது. நாம் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றின் புகையிலிருந்து வரும் காபனீரொட்சைட்டில் ஒரு பெரும் பங்கைக் கடல் விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் கைத்தொழில் யுகத்துக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடலின் பீஎச் இன்று 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது. எண்ணிக்கையில் சிறிது, ஆனால் அமிலத் தன்மையில் அது ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்கும் அதிகமான உயர்வு. முதல் ஓட்டைக் கட்டத் தொடங்கும் குஞ்சுகளுக்குத்தான் இது பெரிய சோதனை. 2007 இலும் 2008 இலும் அமெரிக்காவின் ஒரிகன் கரையில் சிப்பிக் குஞ்சு வளர்க்கும் நிலையங்களில் குஞ்சுகள் பெருமளவில் மடிந்ததற்கு இதுவே காரணம் என்று பின்னர் கண்டறிந்தனர்.

நமது தென் கரையிலும் ஒரு படிப்பினை உண்டு. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை உடைத்துச் சுட்ட இடங்களில், 2004 ஆம் ஆண்டுச் சுனாமி அலை தடையின்றி உள்ளே புகுந்தது. பாறை காக்கப்பட்டிருந்த பக்கத்துக் கரையில் சேதம் குறைவு. லுஃலுஃவையும் மர்ஜானையும் அருட்கொடை என்று ஓதுகிறோம். அருட்கொடை என்றால் அது அமானிதமும்கூட. அதை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை கற்பிட்டிக்கோ நிலாவெளிக்கோ போய்க் கரையில் ஒரு சிப்பி ஓட்டைக் கண்டால், பிள்ளையின் கையில் கொடுங்கள். வெளியே அதன் வரிகளை எண்ணச் சொல்லுங்கள், உள்ளே வானவில்லைக் காட்டுங்கள். எலும்பா கல்லா என்று அந்தப் பிள்ளை கேட்டால், இனி நீங்களே பதில் சொல்லலாம், இன்ஷா அல்லாஹ்.